விசில் யார் கையில்?

அன்புள்ள சார்,

டென்னசி பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து கோச் பாட் சம்மிட் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். தனக்கு அல்சைமர் வகை மறதி நோய் என்று தெரிந்ததும், 59 வயதில் அதை ஊரறியச் சொல்லிவிட்டு 2011-12 சீசன் முழுக்க அணியோடு நின்றார் என்று எழுதி, 'இதைவிடத் துணிச்சல் வேண்டுமா' என்று முடித்திருந்தீர்கள். படித்ததிலிருந்து ஒரு உறுத்தல்.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கூடைப்பந்துதான் என் ஆட்டம். பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு அந்த வருடம் போனால் போனதுதான். அதற்கப்புறம் பாதிப் பேர் பந்தைத் தொடுவதே இல்லை. காலேஜ் கடைசி வருடமும் அப்படித்தானே? அந்தப் பிள்ளைகளுக்கு முழுசாக ஒரு கோச் கிடைத்திருக்க வேண்டாமா? டைம்-அவுட்டில் என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோகிற ஒருவரை பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். வேலையெல்லாம் பார்த்தது உதவி கோச் ஹாலி வார்லிக். சம்மிட் உற்சவர் மாதிரி. அலங்காரம் பண்ணி வீதிக்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வருட வெற்றிகள் அத்தனையும் சம்மிட் கணக்கில் ஏறியிருக்கின்றன. இது எந்த ஊர் நியாயம்?

கோபத்தில் எழுதவில்லை. எனக்கும் இது நடந்தது. கடைசி மூன்று வருடம் முழங்கால் தேய்ந்து கோர்ட்டில் நிற்க முடியவில்லை. என்னிடம் படித்த பெண்ணே பி.டி. டீச்சராக வந்து சேர்ந்திருந்தாள். சொல்லிக்கொடுத்தது, ஊர் ஊராகக் கூட்டிப்போனது எல்லாம் அவள். ஒரு வருடம் மாவட்டத்தில் ஜெயித்தோம். நோட்டீஸ் போர்டில் என் பேர். ஆண்டு விழாவில் சால்வை எனக்கு. அவள் கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சால்வையை நான் பிரிக்கவே இல்லை.

இப்போதும் சாயங்காலம் கடைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடச் சுவரோரம் கொஞ்ச நேரம் நிற்பேன். போன வாரம் ஒரு பிள்ளை டிஃபென்ஸில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். என்னையறியாமல் 'கையைத் தூக்குடி' என்று வெளியிலிருந்தே கத்திவிட்டேன். அப்புறம் ஒரே வெட்கமாகப் போய்விட்டது. விலகியவள் விலகித்தான் இருக்க வேண்டும். சம்மிட்டுக்கும் அதைத்தான் சொல்வேன்.

செ.
(ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை)

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் என் பக்கத்துத் தவறு. 'துணிச்சல்' ரொம்பச் சௌகரியமான சொல். நோயாளி ஒருவரைப் பற்றி எழுதும்போது அதைப் போட்டுவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. நானும் அந்தச் சௌகரியத்துக்குத்தான் போட்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஆனால் உற்சவர் என்று நீங்கள் சொன்னது எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்ல அந்தக் கடைசி சீசனை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துப் பேச முடியாது, ஆரம்பத்துக்குப் போக வேண்டும். அந்த ஆரம்பம் உங்களுக்குப் பழக்கமான இடமாகத்தான் இருக்கும்.

1974. அவருக்கு அப்போது 22 வயது. பேரும் சம்மிட் இல்லை, பாட் ஹெட். டென்னசியில் மேற்படிப்புக்குச் சேர்ந்து, பெண்கள் அணியின் கோச்சுக்கு ஒத்தாசையாக இருக்க வந்தவர். இருந்த கோச் விடுப்பில் போய்விட, அணியே இவர் தலையில் விழுந்தது. ஆட வந்த பெண்களில் சிலர் இவரைவிட ஒரு வயதுதான் இளையவர்கள். மாதச் சம்பளம் 250 டாலர். ஜெர்சிகளை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்தது அவர்தான். அந்த ஜெர்சிகளே முந்தின வருடம் டோனட் விற்ற காசில் வாங்கியவை. வெளியூர் ஆட்டத்துக்கு வேன் ஓட்டியதும் அவரே. ஒரு தடவை எதிரணியின் ஜிம்மிலேயே பாயை விரித்து, படுக்கைப் பையை உதறிப் போட்டு ராத்திரியைக் கழித்திருக்கிறார்கள். மறுநாள் ஆட்டமும் அங்கேயேதான்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஜோனல் போட்டிக்குப் போன ஊரில் வகுப்பறை பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, கொசுவத்தி ஏற்றி வைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த டீச்சர்களை எனக்குத் தெரியும். என் அக்கா அப்படித்தான் நாலு ஊர் போய் ஆடினாள். காலையில் பல் தேய்க்கிற இடத்திலேயே எதிரணிப் பெண்கள் வரிசையில் நிற்பார்களாம். யாருக்குக் குழாய் முதலில் என்பதிலேயே அன்றைய ஆட்டம் ஆரம்பித்துவிடும் என்பாள். கைக்காசைப் போட்டுக் கூட்டிப்போன டீச்சருக்குப் பயணப்படி எப்போது வந்தது, வந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

சரி, சம்மிட்டுக்கு வருகிறேன். முதல் ஆட்டத்தில் தோற்றார். 83-84. ஒரே ஒரு புள்ளி.

அவர் டென்னசியில் ஒரு பண்ணைக் குடும்பத்துப் பெண். மாட்டைக் கறந்து, வைக்கோல் கட்டுகளைத் தூக்கிப் போட்டு வளர்ந்தவர். வைக்கோல் அடுக்கும் பரணில் ஒரு வளையத்தை மாட்டி மூன்று அண்ணன்களோடு ஆடப் பழகினார். அவர் படிக்க வேண்டிய உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் அணி கிடையாது. அப்பா அதிகம் பேசாத, கண்டிப்பான மனுஷன். மகள் ஆட வேண்டும் என்பதற்காகப் பெண்கள் அணி இருக்கிற பக்கத்து ஊருக்கு வீட்டையே மாற்றினார். அந்தக் காலத்து டென்னசிப் பள்ளிகளில் பெண்கள் கூடைப்பந்து என்றால் அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஒரு பாதியில் கூடை போட வேண்டும், மூன்று பேர் மறு பாதியில் தடுக்க வேண்டும், நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. முழுக் கோர்ட்டும் ஓடினால் பெண்களுக்கு உடம்பு தாங்காது என்கிற பழைய கரிசனம். ஆண்கள் மாதிரி ஐந்து பேர் முழுக் கோர்ட் ஆட்டம் வேண்டும் என்று வாதாடியவர்களில் சம்மிட்டும் ஒருவர். எழுபதுகளின் கடைசியில்தான் அது மாறியது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதல்முறையாக வந்தபோது அமெரிக்க அணியில் ஆடி வெள்ளி. 1984 லாஸ் ஏஞ்சலஸில் அதே நாட்டு அணிக்குக் கோச்சாக இருந்து தங்கம். டென்னசிக்கு 1987-லிருந்து 2008-க்குள் எட்டு தேசியப் பட்டங்கள். 1997-98 சீசனில் 39 ஆட்டம் ஆடி 39-லும் வெற்றி. மொத்தம் 38 வருடம், 1098 வெற்றி, 208 தோல்வி.

இந்த எண்களைவிட எனக்குப் பிடித்தது வேறு. அவரிடம் ஆடும் பெண்கள் வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும். வகுப்புக்கு மட்டம் போட்டால் ஆட்டம் கிடையாது, நட்சத்திர ஆட்டக்காரியாக இருந்தாலும் சரி. கல்லூரியில் ஆடும் தகுதிக்காலத்தை அவரிடம் முழுசாக முடித்த அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள். 38 வருடத்தில் ஒருத்தர் விடாமல். கோர்ட்டில் அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், பெண்கள் உறைந்துபோவார்கள் என்பார்கள். ஆனால் அந்தப் பெண்கள் அவரைக் கூப்பிட்டது 'பாட்' என்று. கோச் என்றோ மேடம் என்றோ இல்லை. நம் ஊரில் ஒரு பிள்ளை உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இதில் இன்னொரு வேடிக்கை, பாட் என்பது அவருக்கு வீட்டில் வழங்கிய பேரே கிடையாது. வீட்டில் டிரிஷ். கல்லூரிக்கு வந்த இடத்தில் எல்லோரும் பாட் என்று கூப்பிட, திருத்தக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிட்டாராம். பின்னாளில் ஒரு பார்வையில் ஆளை உறைய வைத்தவருக்கு அப்படி ஒரு கூச்சம்.

இப்போது ஹாலி வார்லிக். நீங்கள் அவரை 'உதவி கோச்' என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். 1976-லிருந்து 1980 வரை சம்மிட்டிடமே ஆடிய பாயிண்ட் கார்டு அவர். டென்னசியில் எந்த விளையாட்டிலும் முதன்முதலாக மரியாதைக்காக ஓய்வு கொடுத்து மாட்டி வைக்கப்பட்ட ஜெர்சி அவருடையது. 1985-ல் உதவி கோச்சாகத் திரும்பி வந்தார். அதாவது 2011-ல் சம்மிட்டுக்கு நோய் என்று தெரிந்தபோது ஹாலி அந்த பெஞ்சில் கால் நூற்றாண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தவர். பாயிண்ட் கார்டு என்றால் என்ன வேலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோச் மனதில் இருப்பதைக் கோர்ட்டில் மற்ற நாலு பேருக்கும் கொண்டுசேர்க்கிற வேலை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் செய்ததையேதான் அந்த சீசனிலும் அவர் செய்தார், இந்தத் தடவை கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு.

நோய் திடீரென்று வரவில்லை. முந்தின சீசனிலேயே ஒரு ஆட்டத்தின் நடுவில் அடுத்து என்ன மூவ் சொல்வது என்று தெரியாமல் வெறுமையாக நின்றிருக்கிறார். சாவியைத் தேடுவது எல்லோருக்கும் உள்ளதுதான். இவர் ஒரே நாளில் திரும்பத் திரும்பத் தேட ஆரம்பித்தார். மூட்டுவாதத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரையால் வரும் குழப்பம் என்று முதலில் நினைத்தார்கள். 2011 மே மாதம் மேயோ கிளினிக்கில்தான் இன்னது என்று தெரிந்தது. ஆகஸ்டில் அவரே வெளியே சொன்னார். தன்னைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்டக் கூடாது, அதைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சேர்த்துச் சொன்னார்.

இந்த இடத்தில்தான் நான் உங்களோடு முரண்படுகிறேன். அவர் மறைத்திருக்க முடியும். இன்னும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கலாம். கூட இருப்பவர்கள் மூடி மறைத்திருப்பார்கள். எத்தனை அலுவலகத்தில், எத்தனை கட்சியில், எத்தனை வீட்டில் பார்க்கிறோம்? பெரியவருக்குக் கொஞ்சம் தளர்ச்சி, அவ்வளவுதான் என்று சொல்லியே பத்து வருடம் ஓட்டுகிறார்கள். சம்மிட் முதலில் சொன்னார், அதற்கப்புறம் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஆட்டத்தின்போது மூவ் சொல்வது, டைம்-அவுட்டில் பேசுவது, பத்திரிகைக்காரர்களைச் சமாளிப்பது எல்லாம் பெரும்பாலும் ஹாலி பக்கம் போயின. மற்ற இரண்டு உதவி கோச்சுகளும் ஆளுக்கொரு பாரம் ஏற்றார்கள். சம்மிட் பயிற்சிக்கு வந்தார், பெஞ்சில் உட்கார்ந்தார். ராத்திரி படுக்கும் முன் மூளைக்கு வேலை என்று ஐபேடில் புதிர் போட்டார்.

உற்சவர் ஊருக்குள் போவார், வருவார், பல்லக்கில் அசைந்தபடி எல்லோருக்கும் காட்சி தருவார். மூலவர் இருந்த இடத்திலேயே இருப்பார். அந்த வருடம் கோட்டோரம் நடந்தது, கத்தியது, நடுவரிடம் போய் நின்றது ஹாலி. உட்கார்ந்திருந்தது பாட். நீங்கள் ஆரம்பித்த உவமையை நான் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சீசன் நன்றாகப் போகவில்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை. வர்ஜீனியாவிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். சொந்த ஊரான நாக்ஸ்வில்லில் பேய்லரிடம் தோற்றார்கள். ஸ்டான்ஃபோர்ட் 97 புள்ளி அடித்தது. ஜனவரியில் கென்டகியிடம் ஒரு புள்ளியில் போனது. நோட்டர்டேம் 72-44 என்று துவைத்து எடுத்தது. டென்னசி 44 புள்ளியில் சுருண்டது என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! எங்கே போனாலும் எதிரணி ரசிகர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள். 'வி பேக் பாட்', அதாவது பாட் பக்கம் நாங்கள், என்று எழுதிய சட்டைகள் எல்லா ஊர் அரங்கிலும். பல வருடச் சண்டைக்காரரான கனெக்டிகட் கோச் ஜீனோ ஆரியம்மா சம்மிட்டின் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் அனுப்பினார். சண்டை எவ்வளவு பெரிசு என்றால், இரண்டு அணிகளும் வருடா வருடம் ஆடிய ஆட்டத்தையே 2007-ல் சம்மிட் நிறுத்தியிருந்தார். எனக்கு அந்தக் கைதட்டலைவிட இந்தக் காசோலை பெரிதாகத் தெரிகிறது. கைதட்ட ஒரு நிமிடம் போதும்.

ஆனால் இப்படி எல்லோரும் அன்பாக இருந்தால் இருபது வயதுப் பெண்கள் எப்படி ஆடுவார்கள்? ஒவ்வொரு ஊரிலும் கோச்சுக்குப் பூங்கொத்து, கண்ணீர், கைதட்டல். அதற்குப் பத்து நிமிடம் கழித்து டிப்-ஆஃப், ஆட்டம் ஆரம்பம். ஜெயித்தால் அவருக்காக ஜெயித்தார்கள் என்பார்கள். தோற்றால்? நீங்கள் கேட்ட கேள்வியில் எனக்கு உண்மையிலேயே உறைத்தது இதுதான். அந்தப் பாரத்தை அந்தப் பெண்கள் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

மார்ச் மாதம் எழுந்தார்கள். நாஷ்வில்லில் நடந்த தென்கிழக்கு மாநாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு.வை 70-58 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். மாநாடு என்றதும் மேடை, மாலை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பல்கலைக்கழகங்கள் வட்டாரவாரியாகச் சேர்ந்து நடத்தும் லீக்குக்கு அப்படிப் பேர். அதற்கப்புறம் தேசியப் போட்டி. அப்போது 64 அணி, நாக்-அவுட், ஒரு தோல்வி என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்தப் போட்டியில் சம்மிட்டுக்கு விழுந்த அட்டவணையைப் பார்த்தால் யாரோ உட்கார்ந்து எழுதினது மாதிரி இருக்கும். முதல் சுற்றில் எதிரணி டென்னசி-மார்ட்டின். சம்மிட் மாணவியாகப் படித்து, ஆடி, பட்டம் வாங்கிய கல்லூரி அதுதான். அவர்களுடைய கோர்ட்டுக்கே இவர் பேர்தான் வைத்திருக்கிறார்கள். 72-49 என்று ஜெயித்தார்கள். அடுத்து டிபால், அதற்கடுத்து கேன்சஸ். கடைசி எட்டு அணிகளின் சுற்றில், மார்ச் 26-ஆம் தேதி டெமாயின் நகரில் எதிரே நின்றது பேய்லர். அந்த அணியின் கோச் கிம் மல்கி, 1984-ல் சம்மிட்டின் ஒலிம்பிக் அணியில் ஆடித் தங்கம் வாங்கியவர். படித்த கல்லூரியில் தொடங்கி, தான் பயிற்சி கொடுத்த பெண்ணிடம் வந்து முடிந்தது.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேய்லரில் பிரிட்னி கிரைனர் என்று ஆறடி எட்டு அங்குலப் பெண் ஒருத்தி இருந்தாள். கூடைக்குக் கீழே பந்தைக் கொண்டுபோனால் அந்தக் கை மேலே காத்திருக்கும். உள்ளே போனவர்கள் திரும்பி வந்தார்கள், பந்தும் திரும்பி வந்தது. 77-58. பேய்லர் அந்த வருடம் 40 ஆட்டம் ஆடி 40-லும் ஜெயித்துப் பட்டம் வாங்கியது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அந்தப் பிள்ளைகளுக்கு முழுசாக ஒரு கோச் கிடைத்திருந்தால்? சம்மிட்டிடம் தகுதிக்காலம் முழுக்க ஆடியவர்கள் ஒரு தடவையாவது கடைசி நான்கு அணிகளுக்குள் போயிருப்பார்கள் என்பது டென்னசியின் பழைய பெருமை. அந்தப் பெருமை 2012-ல் உடைந்தது. 2008-ல் சேர்ந்து நாலு வருடமும் தொடர்ந்து ஆடிய ஷெகின்னா ஸ்டிரிக்லன், குளோரி ஜான்சன் போன்றவர்கள் அதைப் பார்க்காமலே வெளியே போனார்கள். உண்மைதான். ஆனால் அவர்களுடைய நாலு வருடத்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 2009-ல் முதல் சுற்றிலேயே பால் ஸ்டேட்டிடம் தோற்றார்கள், டென்னசி சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை. 2010-ல் கடைசி பதினாறு, அங்கேயும் பேய்லர்தான், அங்கேயும் கிரைனர்தான். 2011-ல் கடைசி எட்டு. 2012-ல் கடைசி எட்டு. நோய் என்று ஊருக்குத் தெரிந்த வருடத்தில் அவர்கள் போன தூரம், தங்களுடைய மிக நல்ல வருடத்தில் போன அதே தூரம். இதை வைத்து நோயால் ஒரு நஷ்டமும் இல்லை என்று சாதிக்க மாட்டேன். நோய் உள்ளுக்குள் எப்போது ஆரம்பித்தது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் பெஞ்சில் அவரை உட்கார வைத்ததால்தான் அந்தப் பெண்களுக்குக் கடைசி வருடம் போயிற்று என்கிற கணக்கு நேராக வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது என் பக்கத்து வாதத்துக்கு ஒத்தாசை செய்யாத விஷயம். 2012 ஏப்ரலில் சம்மிட் தானாகவே விலகினார் என்றுதான் அப்போது அறிவித்தார்கள். அக்டோபரில் வேறொருவர் தொடுத்த வழக்கில் அவர் கொடுத்த வாக்குமூலம் வெளியே வந்தது. அடுத்த வருடம் நீங்கள் கோச்சாக இருக்க மாட்டீர்கள் என்று விளையாட்டுத் துறை இயக்குநர் தன்னிடம் மார்ச்சிலேயே சொன்னதாகவும், அது மனதைப் புண்படுத்தியதாகவும் அதில் இருந்தது. இயக்குநர் தான் அப்படிச் சொல்லவில்லை, முடிவு அவருடையதே என்றார். எது எப்படியோ, விலகியவர் விலகித்தான் இருக்க வேண்டும் என்கிறீர்களே, விலகுகிறவருக்கே தான் விலகினோமா, விலக்கப்பட்டோமா என்று தெளிவில்லாமல் போகிற சமயமும் உண்டு. மறதி நோய் வந்தவருக்குக் கேட்கவே வேண்டாம்.

கடைசியாக அந்த 27 வெற்றிகள். இதில் நீங்கள் சொல்வதுதான் சரி, நான் முழுசாக உங்கள் பக்கம். 2011-12 சீசனின் 27 வெற்றியும் 9 தோல்வியும் சம்மிட் பேரில்தான் இருக்கின்றன. 1098-க்குள் அந்த 27-ம் அடக்கம். எட்டு வருடம் கழித்து, 2020 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்ட் கோச் டாரா வாண்டர்வீர் 1098-ஐத் தாண்டியபோது அது பெரிய செய்தியாயிற்று. ஹாலியின் பங்கு என்ன என்று யாராவது கேட்டார்களா, தெரியவில்லை.

ஆனால் இதே கணக்கை எதிர்ப் பக்கமாக எழுதிய கதையும் இருக்கிறது. டியூக் பல்கலைக்கழக ஆண்கள் அணியின் பேர்போன கோச்சாக 2022 வரை இருந்தவர் மைக் ஷஷெவ்ஸ்கி. 1994-95 சீசனில் 12 ஆட்டம் முடிந்த நிலையில் முதுகுவலியாலும் உடல் சோர்வாலும் அவர் விடுப்பில் போனார். மீதி 19 ஆட்டத்தையும் உதவி கோச் பீட் காடெட் நடத்தினார். 4 வெற்றி, 15 தோல்வி. அந்த 19-ம் காடெட் பேரில் எழுதப்பட்டன. ஷஷெவ்ஸ்கிக்கு அந்த வருடம் 9 வெற்றி, 3 தோல்வி மட்டும். அங்கே கோச் ஆளே இல்லை, இங்கே பெஞ்சில் இருந்தார் என்பது வித்தியாசம்தான். இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உதவி கோச்சுகளின் பிழைப்பு புரிகிறது. வந்தால் பெரியவர் கணக்கு, போனால் உன் கணக்கு. உங்கள் நோட்டீஸ் போர்டுக்கு அமெரிக்காவிலும் கிளை இருக்கிறது, டீச்சர்.

ஹாலி வார்லிக் அடுத்து ஏழு வருடம் தலைமை கோச்சாக இருந்தார். மூன்று தடவை கடைசி எட்டு வரை போனார், அதைத் தாண்டவில்லை. 2019-ல் வேலையை விட்டு அனுப்பினார்கள். சம்மிட் மாதிரி ஆகவில்லையே என்று ஊர் பேசியது. சம்மிட் முதல் தேசியப் பட்டத்தை வாங்கியது பதிமூன்றாவது வருடத்தில் என்பதை அந்த ஊரே மறந்துவிட்டிருந்தது.

சம்மிட் 2016 ஜூனில் காலமானார், 64 வயது. அதற்கு நாலு வருடம் முன்னால், விலகலை அறிவித்த செய்தியாளர் கூட்டத்தில் அவர் செய்த ஒரு காரியம்தான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது. தன்னுடைய விசிலை எடுத்து ஹாலியிடம் கொடுத்தார், கட்டிக்கொண்டார். நோட்டீஸ் போர்டில் யார் பேர் இருந்தது என்பதை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், சால்வை யாருக்கு விழுந்தது என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விசில் இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. அது இன்னும் உங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது என்றால், அந்தப் பிரிக்காத சால்வையையும் அதோடு சேர்த்து எடுத்துக்கொண்டு ஒரு நாள் சாயங்காலம் சுவருக்கு உள்ளே போங்கள்.

அப்புறம் ஒரு சந்தேகம். வெளியிலிருந்து கத்தினேன், வெட்கமாகிவிட்டது என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். அந்தப் பிள்ளை கையைத் தூக்கினாளா, இல்லையா?